செல் விழுந்த வீடு: மறுவாழ்வு முகாம் குழந்தைகளை ஆவணப்படமாக எடுப்பவர்களுக்கு

இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து போருக்குத் தப்பி வந்து மதுரை மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஒரு பாட்டி, "வீட்டுக்குப் பின்னால செல் விழுந்தது" என்கிறார். மதுரையில் வளர்ந்த உதவி எடிட்டர் அதைத் தட்டச்சு செய்கிறார். அங்கிருந்து அது ஆங்கிலத்துக்குப் போகும்போது கைபேசி கீழே விழுந்ததாக ஆகிவிடுகிறது. பாட்டி சொன்னது எறிகணை. "கிபிர் வந்தது" என்றால் குண்டுவீச்சு விமானம். "பங்கர்" என்பது வீட்டு முற்றத்தில் தாங்களே தோண்டிய பதுங்குகுழி. "யோசனையா இருக்கு" என்றால் ஏதோ சிந்தனை என்று நாம் எடுத்துக்கொள்வோம், அவர்கள் சொல்வது தூக்கத்தைக் கெடுக்கும் கவலையை. "அம்மா பேசினவ" என்று ஒரு பிள்ளை சொன்னால், அம்மா திட்டினார் என்று பொருள். சாதாரணப் பேச்சுக்கு அவர்கள் வீட்டில் உள்ள சொல் "கதைக்கிறது". போரிலிருந்து மீளும் குடும்பங்களைப் பற்றி மதுரையில் எடுக்கப்படும் படங்களில் முதல் பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. நாமும் தமிழ், அவர்களும் தமிழ், மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்ற நினைப்பு.

இதிலேயே இன்னொரு முடிச்சும் உண்டு. முகாமில் இருப்பவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர்கள் இல்லை. மன்னார், வவுனியா, திருகோணமலைக்காரர்கள் பலர். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வடக்கே பெயர்ந்து, பிறகு கடல் தாண்டியவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள், 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்கள். பேச்சில் நம்மூர் வாடை அடிக்கும். இவர்களையும் சேர்த்து எல்லாரையும் 'யாழ்ப்பாணக் குடும்பம்' என்று எழுத்தட்டை போட்டால், படம் பார்க்கும் முதல் முகாம்வாசியே சிரித்துவிடுவார்.

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள், 2009இல் போர் முடிந்த கையோடு வந்தவர்கள், 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியவர்கள் என்று தமிழ்நாட்டுக்கு வந்தோரில் பல அடுக்குகள். 2021இல் அரசு சொன்ன கணக்குப்படி மாநிலத்தின் 108 முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டவர்களும், வெளியே காவல்நிலையத்தில் பதிந்துகொண்டு 34,000 பேரும் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. படத்தில் எந்தப் பெயரைப் பயன்படுத்துவது என்பதை இயக்குநர் தானாகத் தீர்மானிக்க வேண்டாம், அங்குள்ளவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

இப்போது அந்த முகாம்களில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் யார்? பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். பலருக்கு அப்பாவும் அம்மாவும்கூட இங்கேயே பிறந்தவர்கள். ஆக, 'போரைப் பார்த்த குழந்தை' என்று தேடிப் போனால் அப்படி ஒரு குழந்தை இருக்காது. இருப்பது போர் இன்னும் முடியாத ஒரு வீட்டில் வளரும் குழந்தை. போரைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்கிற படம் முழுவதும் பாட்டியின் கதையைப் பிள்ளையின் வாயால் வாங்குகிற படமாகத்தான் முடியும். அது எளிது, கண்ணீரும் வரும், ஆனால் மீட்சியைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. மீட்சி கண்ணுக்குத் தெரிவது அன்றாடத்தில். யார் எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுகிறார், பூட்டிவிட்டு எத்தனை தடவை இழுத்துப் பார்க்கிறார், பிள்ளை பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அம்மா என்ன செய்கிறார் என்பதில் அது இருக்கிறது. ஒரே செயலை மார்ச்சிலும் எடுத்து, நவம்பரிலும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஏதாவது மாறியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஈழத்துப் பாதிப்பைத் தனி மனிதரின் நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட வடுவாகப் பார்த்தார். படம் எடுப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். நம்மவர்கள் துயரத்தை "மனம் சரியில்லை" என்று சொல்வதைவிட உடம்பால் சொல்வதே அதிகம்: நெஞ்சு பாரம், கைகால் உளைவு, தலையிடி, பெருமூச்சு. மைக்கில் அந்தப் பெருமூச்சு விழும். 'தேவையற்ற சத்தம்' என்று எடிட்டர் அதை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போரை நேரில் கண்ட சிறு பிள்ளைகளிடம் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, ஒரே விளையாட்டைச் சிரிப்பில்லாமல் திரும்பத் திரும்ப விளையாடுவது, வயதுக்குக் குறைந்த நடத்தைக்குத் திரும்புவது போன்றவை தெரியும் என்பது மருத்துவ அறிவு. ஆனால் கேமராக் குழு நோய்ப் பெயர் சூட்டக் கூடாது. ஒரு பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருப்பதைக் காட்டி, மேலே 'மனவடு' என்று குரல் ஓடவிட்டால் அது பொய்ச் சாட்சி. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கணக்குத் தேர்வாகவும் இருக்கலாம்.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரை வட்டாரத்தில் வெடிச் சத்தத்துக்குக் குறைவில்லை. கோயில் திருவிழா, சாவு ஊர்வலம், கல்யாணம், கல்குவாரி, கிணறு வெட்டுவதற்கு வைக்கும் வெடி. இவை கேட்கும் கணத்தில் பாட்டி கதவோரம் ஒதுங்குவதையும், பேத்தி அதைச் சட்டை செய்யாமல் வீட்டுப்பாடம் எழுதுவதையும் ஒரே ஃபிரேமில் பிடித்தால் இரண்டு தலைமுறைக்கு இடையிலுள்ள தூரம் ஒரு வார்த்தை இல்லாமல் வந்துவிடும். இதைத் திட்டமிட்டு எடுக்கக் கூடாது. ஒரு சரவெடியை நாமே கொளுத்திவிட்டுக் காத்திருப்பது படமெடுப்பது இல்லை, கொடுமை. காத்திருந்தால் தானாகக் கிடைக்கும், தீபாவளி எப்படியும் வருகிறது.

பல வெளியூர்ப் படங்கள் தவறவிடும் இன்னொன்று காகிதம். போர் நினைவைவிடக் காகிதம்தான் இளையவர்களை அழுத்துகிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்த நாளுக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவருக்கு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது இந்தக் கணக்கின்படிதான். ஒரே வீட்டில் அக்கா குடிமகள், தம்பி அந்நியன் என்று ஆகிவிடலாம். அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் 2019இன் திருத்தத்தில் இலங்கை இல்லவும் இல்லை. ஆகவே பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பையன், கல்லூரி முடித்த பிறகு அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போவதை வறுமைக் காட்சியாக மட்டும் எடுத்தால் பாதிதான் எடுத்ததாகும். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று 2021இல் உயர்த்தப்பட்ட பணக்கொடையும் ரேஷனும் வீட்டை ஓட்டப் போதாது என்பதால் பெயிண்ட் வாளி அந்த வீடுகளில் ஒரு நிரந்தரப் பொருள். அதை எடுங்கள், அதன் பக்கத்தில் மாட்டியிருக்கும் பட்டத்தையும் எடுங்கள்.

அனுமதி விஷயம். முகாம் அரசு இடம், கேமராவோடு உள்ளே போக அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஆட்சியர் அலுவலகம், தனி வட்டாட்சியர், முகாமைப் பார்க்கும் வருவாய் ஆய்வாளர், காவல்துறையின் க்யூ பிரிவு உளவுத்துறை என்று தகவல் போய்ச்சேர வேண்டிய இடங்கள் உண்டு. 'சும்மா செல்போனில் எடுத்துக்கொள்கிறோம்' என்று நுழைந்தால் நமக்கு ஒன்றும் ஆகாது, மறுநாள் கேள்வி கேட்கப்படுவது அந்தக் குடும்பம். முகாமில் ஆள்களைச் சரிபார்க்கும் நாளில் குடும்பத்தார் எல்லாரும் முகாமில் இருந்தாக வேண்டும், அவர்கள் அதைச் 'செக்கிங்' என்பார்கள். அந்த நாளில் எவரையும் வெளியே படப்பிடிப்புக்குக் கூப்பிடாதீர்கள். அனுமதி வர மாதங்கள் ஆகலாம். அதுவரை டீக்கடை, பேருந்து நிறுத்தம், டியூஷன், வேலை நடக்கும் கட்டடம் என்று வெளியில் எடுக்கக்கூடியது ஏராளம். 1984இலிருந்து இயங்கும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளின் களப்பணியாளரை முதலில் சந்திப்பது நல்லது. யாரிடம் என்ன கேட்கக் கூடாது என்பதை அவர்கள் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

பிள்ளைகளின் அடையாளத்தில் சட்டமும் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட குழந்தையைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 74ஆம் பிரிவு, விசாரணை அல்லது வழக்கு தொடர்பான செய்திகளில் அத்தகைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உங்கள் படம் வழக்கு எதையும் தொடாமல் இருக்கலாம். ஆனாலும் இதே அளவுகோலை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். முகத்தை மங்கலாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சீருடை நிறமும் பேட்ஜும், வீட்டு வரிசை எண், சுவரில் மாட்டிய குடும்பப் படம், சைக்கிளில் எழுதிய பெயர், எல்லாவற்றுக்கும் மேலாகக் குரல், இவை ஒவ்வொன்றும் முகத்துக்குச் சமம். தவிர, மங்கலாக்கிய முகம் பார்வையாளருக்குக் குற்றவாளியைத்தான் நினைவூட்டும். பின்னாலிருந்து எடுங்கள், கையை எடுங்கள், பாவாடை நுனியையும் செருப்பையும் எடுங்கள். 50 நிமிடப் படத்தை இப்படியே நடத்த முடியும், ஆனால் முதல் நாளே முடிவு செய்தால்தான். எடிட்டிங் மேசையில் முடிவு செய்தால் மொசைக்தான் மிஞ்சும்.

ஒப்புதலை ஒரு கையெழுத்தோடு முடிக்காதீர்கள். கையெழுத்து என்றாலே இலங்கைக்குத் திரும்பிப் போகும் படிவம், பதிவுப் படிவம் என்று பழைய நினைவுகள் எழும் வீடுகள் இவை. மூன்று முறை கேட்க வேண்டும். எடுப்பதற்கு முன், எடுத்து முடித்து ஒரு வாரம் கழித்து, எடிட் செய்த முதல் வெட்டைக் காட்டிய பிறகு. பெற்றோர் சம்மதம் இருந்தாலும் பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டாத நேரத்தில். "இது யூடியூபில் வந்தால் உன் வகுப்பில் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டால் விளங்கும். "படம் வெளியிடச் சம்மதமா" என்றால் எல்லாப் பிள்ளையும் சம்மதம் என்றுதான் சொல்லும். விலக விரும்பினால் விலகலாம் என்று சொல்வது சுலபம், அதற்குத் தக்கபடி படத்தைக் கட்டுவது கடினம். ஒரே குடும்பத்தின் மேல் படம் முழுவதையும் ஏற்றினால், அவர்கள் விலகும்போது உங்களுக்கும் மனம் வராது, அவர்களுக்கும் சொல்ல வாய் வராது. மூன்று குடும்பமாவது இருக்கட்டும். வேலைக்குப் போகாமல் உங்களுக்காக உட்கார்ந்தவருக்கு அன்றைய கூலியைக் கொடுப்பதில் தவறில்லை. கண்ணீர்க் கதைக்குக் காசு கொடுப்பதும் இதுவும் வேறு என்று இரு தரப்புக்கும் தெளிவாக இருந்தால் போதும்.

நேர்காணல். முதல் மூன்று தடவை கேமரா இல்லாமல் போங்கள். பெரியவர்களோடு 40 நிமிடம், பிள்ளைகளோடு 15 நிமிடம், அதற்கு மேல் நீட்டாதீர்கள். "அன்றைக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வியை நாம் கேட்கக் கூடாது. அவர்களாகத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்கலாம். "இந்தச் சட்டி எப்ப வாங்கினது?" என்ற கேள்விக்கு வரும் பதில் பல நேரம் நேரடிக் கேள்விக்கு வருவதைவிட ஆழமாகப் போகும். மூச்சு வேகமாவது, பார்வை ஒரே இடத்தில் நிலைப்பது, கை நடுங்குவது தெரிந்தால் கேமராவை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, காலைத் தரையில் பதித்து உட்காரச் சொல்லி, அறையிலுள்ள பொருள்களைப் பற்றிப் பேச்சை மாற்றுங்கள். அந்த இடத்தில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். இன்றைய சமையல், நாளைய வேலை என்று நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்த பிறகே மைக்கைக் கழற்ற வேண்டும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். இரவில் அந்தப் பாட்டிக்குத் தூக்கம் வராதபோது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

பழைய வீடுகள் 10க்கு 10 அடி அளவில், தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டவை. 2021இல் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட அறிவிப்பு வந்தது, புது வீடு 300 சதுர அடி. பழைய வீட்டுக்குள் ட்ரைபாட் விரித்தால் குடும்பம் வெளியே போக வேண்டியிருக்கும். 24 அல்லது 28 மி.மீ. லென்ஸ், ஒரு கேமரா, இரண்டு பேர் கொண்ட குழு போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். 24 ஃபிரேமும் 1/60உம் வைத்தால் ட்யூப் லைட் வெளிச்சம் அலையலையாக ஓடும், கேமராத் திரையில் தெரியாது, எடிட்டிங்கில்தான் தெரியும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். ஃபேனை நிறுத்தினால்தான் குரல் சுத்தமாக வரும், ஆனால் ஏப்ரல் மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழ் ஃபேனை நிறுத்துவது தண்டனை. நேர்காணலைக் காலை 7 மணிக்குள் அல்லது மாலை 5க்குப் பிறகு வைத்து, ஃபேனைப் பத்து பத்து நிமிடமாக நிறுத்துங்கள். புறப்படுமுன் யாரும் பேசாமல் 60 விநாடி அறையின் ஓசையைப் பதிந்துகொள்ளுங்கள். அது இல்லாமல் வெட்டு விழும் இடமெல்லாம் காதில் குழி விழும்.

4கே-யை 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 40 மணி நேரம் எடுத்தால் 1.8 டிபி. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொருவர் வீட்டில். ஹார்ட் டிஸ்குக்குக் கடவுச்சொல் போடாமல் பேருந்தில் எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் வெட்டி எறிந்த முகங்களும் அதில்தான் இருக்கின்றன.

பிள்ளைகளை வரையச் சொல்லி எடுப்பது எல்லாரும் செய்வது. தப்பில்லை, ஆனால் "போரை வரை" என்று சொல்லாதீர்கள். சொன்னால் டிவியில் பார்த்த ஹெலிகாப்டரை வரைந்து தரும். "வீட்டை வரை" என்றால் எந்த வீடு என்று அது கேட்கும், அந்தக் கேள்வியைப் பதிவு செய்யுங்கள். ஏ4 தாள், கிரேயான், தரையில் பாய், மேலிருந்து ஒரு கேமரா. வரைந்த தாள் பிள்ளைக்குச் சொந்தம், படத்தில் சேர்ப்பதற்கும் அதனிடமே கேட்க வேண்டும். உளவளத்துணை அமர்வுக்குள் மட்டும் கேமரா நுழையக் கூடாது, யார் அனுமதி தந்தாலும்.

2009இன் போர்க் காட்சிகளை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதில் உரிமைச் சிக்கல் ஒருபுறம். அதைவிடப் பெரியது, அந்தக் கூட்டத்தில் இறந்து கிடப்பது பார்க்கிறவரின் தம்பியாக இருந்துவிடலாம் என்பது. அடிப்படையில் அந்தக் காட்சிகள் மீட்சியைப் பற்றி எதையும் சொல்வதும் இல்லை. சோகப் புல்லாங்குழலும் அப்படித்தான்.

முடித்த படத்தை முதலில் முகாமிலேயே போடுங்கள். மதுரையில் 1998 முதல் நடந்துவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா அதற்குப் பிறகு. முகாம் திரையிடலைப் பொதுத்தேர்வு மாதத்தில் வைக்க வேண்டாம். நாம் நெகிழ்ந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், நாம் சாதாரணமாக விட்ட இடத்தில் பெரியவர்கள் எழுந்து வெளியே போவார்கள். இரண்டையும் குறித்துக்கொண்டு மறுபடி வெட்டுங்கள். பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பென் டிரைவ். எச்.265 என்ற புதிய சுருக்க முறையில் கொடுத்தால் பழைய டிவியில் ஓடாது. எச்.264இல் எம்பி4 கோப்பாக, 8 எம்பிபிஎஸ்ஸில் ஏற்றினால் 50 நிமிடப் படம் சுமார் 3 ஜிபியில் அடங்கும். 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 பென் டிரைவ் ஏற்றுக்கொள்ளாது. கொடுக்கும் முன் அவர்கள் வீட்டு டிவியிலேயே செருகி, ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.